ரப்பி இல்லாத பள்ளிகள்

காடாம்புலியூரில், நண்பர் ஒருவரது முந்திரித் தோப்பின் நிழலில் அமர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில் எழுந்த வினா இது. பலாப்பழக் காலம். நெய்வேலிச் சுரங்கத்தில் பொறியாளராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் கொச்சிக்குச் சென்று அப்போதுதான் திரும்பியிருந்தார். மட்டாஞ்சேரியில் யூதர்களின் பள்ளியைக் கண்டு வந்த கதையை அவர் விரித்துரைத்தார். தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகள், விட்டத்திலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகள், தவ்றாத் சுருள்கள் வைக்கப்பட்டிருக்கும் பேழை, காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும் என்னும் ஒழுங்கு ஆகிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஆனால் அந்தப் பள்ளிக்கு இமாம் யார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை" என்றார்.

பண்ணுருட்டியிலிருந்து வந்திருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி, தொழவைக்க ஓர் ஆள் இருந்தால் அவர் இமாம். இல்லையென்றால் நிற்கிறவர்களில் ஒருவர் முன்னே போக வேண்டியதுதானே? அங்கேயும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பெரியவர் மட்டாஞ்சேரியைக் கண்டவரல்லர். ஆயினும் அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையே. அந்த உண்மையைச் சற்று நின்று நோக்கினால், நமது பள்ளிகளைப் பற்றியும் நம்மைப் பற்றியும் சில செய்திகள் புலப்படும். ஒரு வழிபாட்டு இல்லத்தை நடத்துபவர் யார்? பட்டம் பெற்றவரா, பணம் உள்ளவரா, பணி செய்பவரா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க விழையும் வினா.

யூத சமயத்தில் குருமார் இருந்த காலம் ஒன்று உண்டு. ஜெருசலத்தில் அவர்களுடைய ஆலயம் நின்றிருந்தவரை, பலியிடும் உரிமை ஹாரூன் நபியின் வழிவந்த குடும்பத்தாருக்கே உரியதாயிருந்தது. கி.பி. 70இல் உரோமானியர் அவ்வாலயத்தை அழித்தனர். பலிபீடம் போனபின் குருமாருக்குரிய பணியும் பெரும்பாலும் போயிற்று. அவ்விடத்தைப் பிடித்தவர் ரப்பி. 'என் ஆசான்' என்பதே அச்சொல்லின் பொருள். அவர் இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் தரகர் அல்லர். வேதத்தையும் சட்டத்தையும் கற்று, கேட்போருக்குத் தீர்ப்புச் சொல்லும் அறிஞர். நமது ஆலிம் பெருமக்களின் நிலைக்கு மிக அணுக்கமான நிலை அது.

ஆகவே யூதரின் கூட்டுத் தொழுகைக்கு ரப்பி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மரபுப்படி வயது வந்த ஆடவர் பத்துப்பேர் கூடினால் போதும். அவர்களுள் ஓதத் தெரிந்த ஒருவர் முன்னின்று ஓதுவார். அதற்கென்றே அமர்த்தப்பட்டவர் இருப்பின் அவரை ஹஸ்ஸான் என்பர். விதிப்படி அறுப்பவர் ஷோஹெத். விருத்தசேதனம் செய்பவர் மொஹெல். காணிக்கையையும் வரவு செலவையும் பார்ப்பவர் கப்பாய். கதவைத் திறந்து, விளக்கேற்றி, பெருக்கி, பூட்டிச் செல்பவர் ஷம்மாஷ். ஊழியர் என்பதே அப்பெயரின் பொருள். இமாம், மோதினார், முத்தவல்லி என்று வழங்கிப் பழகிய நமது செவிகளுக்கு இவை பெயர்களாகத்தான் புதியவை. பணிகளாக நெடுநாள் பழகியவையே.

கொச்சியின் சிறப்பு என்னவெனில், அங்கே பல நூற்றாண்டுகளாக ஹஸ்ஸான் இருந்தார், ஷோஹெத் இருந்தார், ஷம்மாஷ் இருந்தார். முறையாகப் பட்டம் பெற்ற ரப்பி மட்டும் இல்லை. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசிப் பள்ளியாகட்டும், பறவூர், மாளை, சேந்தமங்கலம், எர்ணாகுளம் ஆகிய ஊர்களின் பள்ளிகளாகட்டும், மூத்தோர் சிலரின் பொறுப்பிலேயே நடந்து வந்தன. சமூகத் தலைவருக்குக் கொச்சி மன்னர் அளித்த பட்டம் எது தெரியுமா? முதலியார்! நமது தமிழ்ச் சொல். வழக்குகளைத் தீர்ப்பதும், மன்னர் அவையில் சமூகத்தின் சார்பாகப் பேசுவதும் முதலியாரின் கடமைகளாயிருந்தன.

ரப்பி இல்லாமையால் கல்வி அழிந்துவிட்டதா என்றால், இல்லை. ஓதத் தெரிந்தவர் அச்சமூகத்தில் மலிந்திருந்தனர். கொச்சியின் பள்ளிகளில் வேறெங்கும் எளிதில் காணவியலாத ஓர் அமைப்பு உண்டு. வழக்கமாக நடுக்கூடத்தில் இருக்கும் ஓதுமேடையோடு, மேல்மாடத்திலும் ஓர் ஓதுமேடை இருக்கும். அதன் பின்னே பெண்கள் அமர்வர். அப்பெண்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லர். வேதக் கதைகளையும் திருமண வாழ்த்துகளையும் மலையாளப் பாடல்களாக்கிக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கென வழிவழியாகக் காத்து வந்தனர். பட்டம் பெற்ற ஆசான் இல்லாத ஊரில் அந்தக் குறிப்பேடுகளும் ஆசானாயிருந்தன.

இன்னும் வியப்பான செய்தி உண்டு. கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் என்னும் யூதருக்கும் ரப்பி இல்லை. அவர்களுடைய திருமணங்களையும் சடங்குகளையும் நடத்திவைத்து வழக்குகளைத் தீர்த்தவர்களைக் காஜி என்றே அழைத்தனர். நமது காஜியார்தாம், வேறு இல்லத்தில்! அச்சமூகத்தைச் சேர்ந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர் 1796இல் பம்பாயில் அவர்களுடைய முதற் பள்ளியைக் கட்டினார். திப்பு சுல்தானின் சிறையிலிருந்து மீண்டு வந்தமைக்கு நன்றியாக அவர் அதைக் கட்டினார் என்று கூறுவர். அந்தச் சமூகத்துக்கு ஓதவும் ஓதுவிக்கவும் 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியர்கள் எங்கிருந்து சென்றனர்? ரப்பி இல்லாத கொச்சியிலிருந்து!

இவ்வளவும் கேட்கும்போது, பட்டம் பெற்ற அறிஞர் தேவையே இல்லை, மக்களே போதும் என்று சொல்லத் தோன்றும். பண்ணுருட்டிப் பெரியவரின் சொல்லும் அப்பக்கமே சாய்கிறது. அவசரப்பட வேண்டாம். கொச்சியின் கதையில் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு.

பரதேசிப் பள்ளியைச் சேர்ந்த செல்வக் குடும்பங்கள் சிலவற்றில் அடிமைகள் இருந்தனர். அவர்கள் யூத நெறியை ஏற்று விடுதலையும் பெற்றனர். 'விடுவிக்கப்பட்டோர்' என்ற பொருளில் அவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் மெஷுஹ்ராரிம் என்று அழைத்தனர். விடுதலை பெற்ற பின்னும் பள்ளிக்குள் அவர்களுக்குச் சமமான இருக்கை இல்லை. தரையிலும் முன்கட்டிலும் அமர வேண்டும், தவ்றாத்தை ஓதும் உரிமை மறுக்கப்பட்டது, மணவுறவும் மறுக்கப்பட்டது, இறந்த பின் அடக்கத்தலத்திலும் வேற்றுமை தொடர்ந்தது.

இது முறையா என்ற வினா 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கடல் கடந்து சென்றது. அக்காலத்தில் கெய்ரோவில் தாவீது இப்னு ஸிம்ரா என்னும் பேரறிஞர் ரப்பியாக விளங்கினார். முறைப்படி நெறியை ஏற்றுக்கொண்டபின் அவர்கள் முழு யூதரே, அவர்களோடு மணவுறவு கொள்ளலாம் என்பதே அவர் வழங்கிய தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தது, பள்ளியின் இருக்கை மாறவில்லை. உள்ளூரில் அத்தீர்ப்பை எடுத்துச் சொல்லிச் செல்வரின் முகம் சுளிக்கவும் அஞ்சாமல் நிற்கக்கூடிய அறிஞர் எவரும் இலர். பள்ளியின் சாவி யாருடைய கையில் இருந்ததோ, சட்டத்தின் பொருளும் அவர்கள் கையிலேயே இருந்தது. தம்முடைய வழக்கில் தாமே நீதிபதியாக அமர்ந்தவர்கள் தமக்கு மாறாகத் தீர்ப்புச் சொல்லுவரோ?

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்தபின், அந்தத் தரையில் அமர்ந்தோர் மரபிலிருந்தே ஒருவர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சாலெம் (1882–1967) என்பது அவர் பெயர். சென்னையில் சட்டம் பயின்றவர். கொச்சி யூதருள் முதற் பட்டதாரி. கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராயிருந்தவர். வழக்காடும் வல்லமை இருந்தும் அவர் தேர்ந்துகொண்டது காந்தியடிகளின் வழியை. தம் மக்களோடு பள்ளிக்குச் சென்று, தமக்கு மறுக்கப்பட்ட இடத்தை அமைதியாகக் கேட்டு நின்றார். 'யூத காந்தி' என்றே அவரை அழைக்கலாயினர். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தார். கெய்ரோவின் பேரறிஞர் அனுமதித்த மணம் நானூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தேறியது!

இங்கே நாம் காண வேண்டியது இரண்டு. பட்டம் பெற்ற தலைவர் இல்லாமலே ஒரு சமூகம் தன் தொழுகையைக் காத்துக்கொள்ளலாம். ஆனால் செல்வத்துக்கு அடங்காத அறிவு ஒன்று அதனுள் இல்லையேல் நீதியைக் காத்துக்கொள்வது அரிது. அந்த அறிவு பட்டத்தோடு வரலாம். தரையில் அமர்ந்தவனின் நெஞ்சிலிருந்தும் வரலாம். நமது வரலாற்றில் முதல் பாங்கொலி அடிமைத்தளையிலிருந்து மீண்ட பிலால் (ரலி) அவர்களின் நாவிலிருந்து எழுந்ததன்றோ? அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்கள், மனிதனை வாசற்படியில் நிறுத்திவைக்கும் பள்ளி எதுவாயினும் அதைக் கண்டு வெட்கப்பட வேண்டும்.

அப்படியாயின் அறிஞரைச் செல்வத்துக்கு அடங்காமல் வைத்திருப்பது எங்ஙனம்? இது யூதரிடையேயும் பழைய வழக்கு. பேரறிஞர் மூசா இப்னு மைமூன் வேதக் கல்வியைப் பிழைப்பாக்கிப் பிறர் பொருளில் வாழ்வதைக் கடிந்து எழுதினார். அவருடைய குடும்பத்தைத் தாங்கிய தம்பி வாணிகத்துக்காக வந்து இந்துமாக்கடலில் மூழ்கி இறந்தபின், மருத்துவத் தொழில் செய்தே அவர் வாழ்ந்தார். ஆனால் எல்லாரும் மைமூன் ஆக இயலாது. பிற்கால யூத அறிஞர் ஊதியத்தை ஏற்றனர். நமது பிற்கால ஹனஃபி சட்ட அறிஞர்களும் இமாமத்துக்கும் ஓதுவித்தலுக்கும் ஊதியம் பெறலாம் என்றனர். 1993இல் இந்திய உச்சநீதிமன்றம் இமாம்களுக்கு ஊதியம் வழங்கும் பொறுப்பு வக்ஃபு வாரியங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2009இல் உலமாக்களுக்கும் பள்ளிப் பணியாளர்களுக்கும் நல வாரியம் அமைந்தது. ஊதியம் கொடுப்பது இழிவன்று. ஊதியம் கொடுப்பதால் அவருடைய நாவையும் விலைக்கு வாங்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோமே, அதுவே இழிவு.

இனி, சாவியைப் பற்றி ஒரு சொல். 1948க்குப் பின், சிறப்பாக 1950களின் நடுவில், கேரளத்து யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் இருந்த சமூகத்தில் எஞ்சியோரை இன்று விரல்விட்டு எண்ணலாம். உள்ளூராரைக் கொண்டு பத்துப்பேர் சேர்க்க வழியில்லை. ஹஸ்ஸான் போனார், ஷோஹெத் போனார், முதலியாரும் இல்லை. எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளியை, அச்சமூகத்தில் எஞ்சிய ஒருவர் பல்லாண்டுகள் முன்கட்டில் பூச்செடிகளும் வண்ண மீன்களும் விற்றுக்கொண்டே காத்து நின்றார்.

கல்கத்தாவில் இதனினும் நெஞ்சைத் தொடும் காட்சி உண்டு. 1856இல் எழுந்த பெத் எல், 1884இல் எழுந்த மாகேன் தாவீது ஆகிய பெரும் பள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாகத் திறந்து, துடைத்து, விளக்கேற்றிக் காத்து வருபவர்கள் முஸ்லிம் பணியாளர்கள். தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு அந்தச் சாவி வந்திருக்கிறது. அந்தப் பள்ளியில் தொழும் கடமை அவர்களுக்கு இல்லை. தொழ வருவோரும் ஏறத்தாழ இல்லை. ஆயினும் பேழையின் திரையில் தூசு படியவிடுவதில்லை. உலகின் வேறு மூலைகளில் இவ்விரு சமூகத்தாரும் ஒருவர்மீது ஒருவர் சினம் மூண்டு நின்ற நாட்களிலும் அந்தத் துடைப்பம் ஓயவில்லை. அமானிதம் என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவோர் அங்கே சென்று பார்க்கலாம்.

யூதர் தம் ஹனுக்கா பெருநாளில் எட்டு விளக்குகள் ஏற்றுவர். அவற்றை ஏற்றுவதற்கென்று ஒன்பதாவது ஒன்று இருக்கும். அதற்கும் ஷம்மாஷ் என்றே பெயர். எட்டின் கணக்கில் அது சேராது. ஆனால் அது இன்றி எட்டும் எரியா.

காடாம்புலியூர்த் தோப்பில் பேச்சு இவ்விடத்துக்கு வந்தபோது நமக்குத் தொண்டை அடைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பல்லாண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நாமும் இருந்தோம். மினாராவுக்கு வண்ண விளக்குகள் வாங்கப் பெருந்தொகை ஒதுக்கிய அதே கூட்டத்தில், முப்பது ஆண்டுகள் பணிசெய்து கண்பார்வை குன்றிய மோதினாரை ஒரு மாத ஊதியம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற தீர்மானமும் வந்தது. எவரும் எதிர்த்துப் பேசவில்லை. நாமும் பேசவில்லை. மறுநாள் வைகறையில் சாவிக்கொத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு அவர் சென்றதை மட்டும் கண்டோம். பெருமானார் (ஸல்) அவர்கள், பள்ளியைப் பெருக்கிவந்த எளிய பெண்மணி ஒருவர் காணப்படாதபோது அவரைப் பற்றி விசாரித்ததையும், இறந்துவிட்டார் என்றறிந்து, தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று வருந்தி, அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுததையும் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கேட்டும் அன்று வாய் திறவாதிருந்தோம்.

காடாம்புலியூருக்கு அண்மையில்தான் வடலூர். அங்கே 1872இல் சத்திய ஞானசபையை நிறுவிய இராமலிங்க அடிகள், விளக்கேற்றித் தூய்மை செய்யும் பணியைப் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவரோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவரோ செய்ய வேண்டும் என்று விதித்தார். பணியை வைத்துப் பெருமையோ பொருளோ தேட நினையாத பருவங்கள் என்று கருதினார் போலும். குலமும் பட்டமும் அங்கே கேட்கப்படவில்லை.

இளைஞரின் வினாவுக்கு நமது விடை இதுதான். பள்ளியை நடத்துபவர் மூவர்: செல்வருக்கு அஞ்சாமல் உண்மையைச் சொல்லும் அறிஞர், தனக்கு இடமில்லாதபோதும் பள்ளியை வெறுத்துவிடாமல் தரையிலிருந்தே நீதி கேட்பவர், எவரும் காணாத வைகறையில் கதவைத் திறப்பவர். இவர்களுள் ஒருவர் குறைந்தாலும் கட்டடம் நிற்கும், பள்ளி நிற்காது.

நாம் விடைபெற்று எழுந்தபோது இருட்டிவிட்டது. நெய்வேலிப் பக்கத்து வானத்தில் அனல்மின் நிலையத்து ஒளி தெரிந்தது. பண்ணுருட்டிப் பெரியவர் தம் பையிலிருந்து சாவிக்கொத்தொன்றை எடுத்தார். "பள்ளிச் சாவி. மோதினாருக்குக் காய்ச்சல், தம்பி. இஷாவுக்கு நான்தான் திறக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே பேருந்து நிறுத்தத்தை நோக்கி விரைந்தார்.