செய்தியின் கூலியை யார் கொடுப்பது?

தொடர்பாடல் அளவு மீறிவிட்டது என்ற முறைப்பாடு இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்குப் பரிகாரமாகப் பலரும் கேட்பது இன்னொரு செயலியைத்தான். வாட்ஸ்அப்பில் தாங்க முடியவில்லை, டெலிகிராமுக்குப் போவோம் என்கிறார் ஒருவர். வைபர்தான் நல்லது என்கிறார் மற்றவர். வீட்டில் சாமான் நிறைந்துவிட்டதென்று அடுத்த வளவில் இன்னொரு வீடு கட்டுவது போன்ற யோசனை இது என்றே எனக்குப் படுகிறது. அந்த வீடும் ஒருநாள் நிறையும். ஆகவே, இது கருவி பற்றிய கேள்விதானா, அல்லது நமது ஒழுக்கம் பற்றிய கேள்வியா என்று சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய வாக்குறுதிகள் புதியவை அல்ல. 2009இல் கூகிள் நிறுவனம் ‘வேவ்’ என்றொரு தளத்தைக் கொண்டுவந்தது. மின்னஞ்சலை இன்று புதிதாகக் கண்டுபிடித்தால் அது எப்படி இருக்கும் என்ற கேள்விக்கான விடை என்று அதனைச் சொன்னார்கள். மறு வருடமே அதன் வளர்ச்சிப் பணியை நிறுத்திவிட்டார்கள். 2013இல் அறிமுகமான ‘ஸ்லாக்’ அலுவலக மின்னஞ்சலின் சுமையைக் குறைக்கும் என்றார்கள். அது நிலைத்தது. ஆனால் பல அலுவலகங்களில் மின்னஞ்சல் எழுந்து போகவில்லை. அதற்குப் பக்கத்தில் ஸ்லாக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் இப்படி நடக்கிறது? தபாலின் வரலாறு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 1840க்கு முன்னர் பிரித்தானியாவில் கடிதத்தின் கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தம் அந்தக் கூலியை அனுப்புபவர் பக்கம் மாற்றியது. ஒரு பென்னி முத்திரை வந்தது. 1857இல் இலங்கைக்கும் முத்திரை வந்து சேர்ந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே எழுதுபவர் எண்ணி எழுதினார்.

இன்று அனுப்புபவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. ஆனால் கூலி ஒழிந்துவிடவில்லை. அது மீண்டும் பெறுபவர் தலையில் ஏறியிருக்கிறது. காசாக அல்ல, நேரமாகவும் கவனமாகவும். தகவல் பெருகினால் கவனம் வறுமைப்படும் என்று பொருளியல் அறிஞர் ஹேர்பர்ட் சைமன் 1971இலேயே எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப் குழுவொன்றில் 2022 முதல் 1024 பேர் இருக்கலாம். ஒருவர் அனுப்பும் ரோசாப்பூப் படத்தை ஆயிரம் பேர் ஆளுக்கு ஐந்து விநாடி பார்த்தால், எண்பது நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. எங்கள் கணக்கில் அது இரண்டு பாடவேளை.

பூப் படத்தோடு போனால் பரவாயில்லை. எங்கள் ஊரில் முன்பு மௌத்துச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். மௌத்தானவர் யார், யாருடைய பிள்ளை, நல்லடக்கம் எத்தனை மணிக்கு என்ற மூன்று விடயங்கள்தான். இன்று அது ஊர்க் குழுவில் வருகிறது. அதன் கீழே நூறு பேர், நூற்றைம்பது பேர் ‘இன்னா லில்லாஹி’ எழுதுகிறார்கள். எல்லாம் நல்லெண்ணமே. ஆனால் அஸருக்கு என்றிருந்த நல்லடக்கம் லுஹருக்கு மாற்றப்பட்டது என்ற இரண்டாவது அறிவித்தல் அந்த அனுதாபங்களுக்கு நடுவே மறைந்து போகிறது. மையவாடிக்கு ஓடி வந்து, மண் மூடி முடிந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதனால் கைத்தொலைபேசியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாரில் மகனை விட்டிருக்கும் ஓர் உம்மாவிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா? முன்பு அரபு நாட்டிலிருந்து யாராவது ஊருக்கு வரும்போது கொண்டுவரும் ஒலிநாடாவில்தான் பிள்ளையின் குரலைக் கேட்டார்கள். இன்று தினமும் முகம் பார்க்கிறார்கள். இந்தக் கொடையை மறுப்பது நன்றிகேடு. செயலிகள் சில வசதிகளையும் தந்திருக்கின்றன. நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய குழு, ஓசையை அடக்கி வைத்தல் போன்றவை பயன்படத்தான் செய்கின்றன.

ஆனால் எது உண்மையில் வேலை செய்தது என்று பாருங்கள். பல கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன்பின் அத்தகைய செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அங்கே பலன் தந்தது புதிய வசதி அல்ல, அனுப்புபவருக்கு வைத்த சிறு தடை. அதாவது, முத்திரையின் நிழல் ஒன்று திரும்பி வந்தது.

அந்தத் தடையை நாமே நமக்கு வைத்துக்கொள்வதுதான் ஒழுக்கம். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று சூரத்துந் நூர் கற்பிக்கிறது. மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையெனில் திரும்பிவிடுவது நபிவழி. உள்ளே இருப்பவர் ஏன் திறக்கவில்லை என்று விசாரிக்கும் உரிமை வாசலில் நிற்பவருக்கு இல்லை. நமது கைத்தொலைபேசியிலோ, பார்த்தாகிவிட்டது என்பதை நீல நிற அடையாளம் காட்டிக்கொடுக்கிறது. பதில் சொல்லாதவர் குற்றவாளியாகிறார்.

இங்கே அதிகாரமும் கலந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களும் சுற்றுநிருபங்களும் குழுக்களுக்குள் வந்தன. பாடசாலைகள் திறந்தன, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இரவு பத்து மணிக்கு மேலிருந்து வரும் செய்தி, காலைக்குள் புள்ளிவிபரம் கேட்கிறது. மேலே இருப்பவர் விரும்பினால் ஓசையை அடக்கலாம். கீழே இருக்கும் ஆசிரியைக்கு, பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாலும், அந்த உரிமை இல்லை. பிரான்ஸ் 2017இலும் அவுஸ்திரேலியா 2024இலும் இதற்குச் செயலியைத் தேடவில்லை. வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

எங்கள் ஆசிரியர் குழுவில் சென்ற வருடம் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். மஃரிபுக்குப் பின் உத்தியோகபூர்வச் செய்தி இல்லை. அவசரமென்றால் அழைப்பு. அனுதாபம் சொல்வதை மௌத்து வீட்டில் சொல்வது. செயலி அதே செயலிதான், குழு அமைதியாகிவிட்டது. மேலிருந்து வருபவை மட்டும் இன்னும் இரவில்தான் வருகின்றன. அதற்கு நாங்களாக ஓர் இணக்கம் செய்துகொள்ள முடியாது. ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து மேசையில் வைத்துப் பேச வேண்டிய விடயம் அது.