நம்பிக்கையும் நல்வார்த்தையும்

ஆண்டுதோறும் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலே ஒரு பேச்சு தவறாது ஒலிக்கின்றது. வாழ்க்கையை நம்பிக்கையுடன் நோக்குங்கள், நல்லதையே எண்ணுங்கள், எல்லாரிடத்தும் அன்பு செலுத்துங்கள் என்று பிரதம விருந்தினர் மாணவர்க்கு அறிவுரை கூறுவார். அவருடைய நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. கைதட்டலும் குறைவதில்லை. ஆயினும் வீடு திரும்பும்போது ஒரு கேள்வி நம்முடன் கூடவே வருகின்றது. நல்லதை எண்ணுவதால் நல்லது விளையுமென்றால், இந்தக் குடாநாட்டு மக்கள் இத்தனை துன்பங்களை அனுபவித்தது அவர்கள் சரியாக எண்ணத் தெரியாதவர்களாய் இருந்ததனாலா?

குதர்க்கம் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் துன்பத்தின் பொறுப்பைத் துன்பப்படுபவனுடைய மனத்தின்மீதே சுமத்தும் எந்தத் தத்துவமும், அத்துன்பத்தை உண்டாக்கியவனை விசாரணையின்றியே விடுதலை செய்துவிடுகின்றது. நம் பாட்டன்மார் ஊழ் என்று சொல்லி ஆறினர். நாம் மனப்பாங்கு என்று சொல்லி ஆறுகின்றோம். பெயர் மாறியிருக்கிறதேயொழிய ஆறுதலின் பயன் மாறவில்லை.

1990-ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. மண்ணெண்ணெய், பற்றரி முதலியவற்றுக்கும் தடை விழுந்தது. கள்ளச் சந்தையில் மண்ணெண்ணெய் விற்ற விலை ஏழைக்கு எட்டாத விலை. அப்போதுதான் வீடுகளில் போத்தல் விளக்கு வந்தது. வெறும் ஜாம் போத்தல் ஒன்று. அதன் அடியில் சிறிதளவு எண்ணெய் ஊறிய பஞ்சு. அதிலிருந்து ஒரு மெல்லிய திரி. காற்றிலிருந்து சுடரைப் போத்தலின் சுவரே காத்தது. அதனை முதலிற் செய்தவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. ஒரு வீட்டில் எரிந்ததைக் கண்டு அடுத்த வீட்டார் செய்தனர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் மின்னில் வானொலி பேசிற்று. சுற்றியிருந்தோர் செய்தி கேட்டனர். புதினத்தாள்கள் மாணவர் கொப்பித் தாளில் அச்சேறின.

அந்தச் சிறு சுடரின் முன்னிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் பலர் இன்று ஆசிரியர்கள். அன்று உங்கள் உள்ளத்தில் நம்பிக்கை நிறைந்திருந்ததா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பயத்தைப்பற்றியே சொல்வார்கள். விமானத்தின் இரைச்சல், பதுங்குகுழியின் ஈரம், அடுத்த பரீட்சை நடக்குமோ என்ற சந்தேகம். பயந்துகொண்டேதான் திரியைத் தூண்டினார்கள். பயந்துகொண்டேதான் கணக்குச் செய்தார்கள். நாம் நம்பிக்கை என்று மதிப்பது இதனைத்தான். அது அவர்களுடைய மனத்தில் இருந்ததோ இல்லையோ, செயலில் இருந்தது. (பற்றாக்குறையைப் புகழ்வது நமது நோக்கமன்று. சவர்க்காரமில்லாத அந்தக் காலத்தைக் காவியமாக்கிப் பேசுவோரும் உளர். அவர்களிற் சிலர் அக்காலத்தில் கடல்கடந்து வாழ்ந்தவர்கள்.)

இனி, அன்பைப்பற்றி. இங்கேதான் நாம் கூசாமற் பேசவேண்டியிருக்கின்றது. 1981 மே 31-ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000-க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பராயின. அதை நாம் மறவோம், மறக்கவும் கூடாது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, 1930-ஆம் ஆண்டையொட்டி, பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டுமென்ற விதி வந்தபோது, இதே மண்ணிற் சில பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. வைத்தவை தமிழ்க் கைகள். இந்த இரண்டாவது செய்தியை எத்தனை வகுப்பறைகளிற் சொல்லுகின்றோம்?

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேநீர்க்கடையில் தாழ்த்தப்பட்டவருக்கு வேறு பாத்திரமும் வெளி வாசலுமே இருந்தன. கோயிற் கதவும் அவ்வாறே, கிணறும் அவ்வாறே. பெருமான்முன் கசிந்துருகித் தேவாரம் பாடிய அதே வாய், கிணற்றடியில் நின்ற பெண்ணுக்கு ஒரு வாளி தண்ணீர் மறுத்தது. 1966 ஒக்டோபர் 21-ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ் நகரை நோக்கி இடதுசாரிகளின் ஊர்வலம் புறப்பட்டது, பொலிசார் தாக்கினர். பின்னர் தேநீர்க்கடைகளில் நுழைவதற்கான போராட்டங்கள் நடந்தன. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் போராட்டம் நடந்தது. உயிர்களும் பலியாயின.

அன்று போராடியவர்களை நோக்கி, இவர்கள் ஊரில் வெறுப்பை விதைக்கின்றார்கள் என்று கனவான்கள் வருந்தினார்கள். யார் வெறுப்பை விதைத்தவர்? ஒரே குவளையில் தேநீர் அருந்தக் கேட்டவனா, மறுத்தவனா? சமமாக உட்காரச் சம்மதியாதவன் காட்டும் கருணையை அன்பு என்று அழைக்க நம்மால் இயலவில்லை. அது நாய்க்கு எறியும் சோற்றிலும் உண்டு.

அதே 1966-ஆம் ஆண்டு ஆகஸ்டில் டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். சாதி இழிவினால் இளமையிலேயே பள்ளியை விட்டு, யாழ் நகரில் சலூன் தொழில் செய்தவர் அவர். இதழைத் தாமே சுமந்து சென்று கைக்குக் கை விற்றார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அது வெளிவந்தது. தம்மை இழித்த சமூகத்தைச் சேர்ந்த இளைஞர்களின் முதற் கதைகளையும் அவர் அதிலே அச்சிட்டார். அந்த மனிதரை நோக்கி அன்பைப்பற்றி உபதேசிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆனையிறவுக்கு அப்பால், கிளிநொச்சியில், 2017 பெப்ரவரி 20-ஆம் நாள் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். குடாநாட்டுத் தாய்மாரும் அவ்வாறே படங்களை ஏந்தி நின்றார்கள். ஆண்டுகள் கழிந்தன, மறுமொழி அறியாமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டனர். நடந்ததை மறந்து முன்னே பாருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. ஒரு தாய் மறக்க மறுப்பதை மனநோய்போல் எண்ணிப் பரிகாரம் கூறுவோரும் உளர். அவளுக்கு வாழ்வின்மீது வெறுப்பு என்றா நினைக்கின்றோம்? விடியற்காலையில் எழுந்து, சமைத்து, எஞ்சிய பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் அந்தக் கொட்டிலுக்கு வருகின்றாள். 2009-இல் படையினரிடம் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு நம்மில் எவரேனும் பேச அழைக்கப்படலாம். அந்தப் பட்டியலைப்பற்றி இரண்டு வாக்கியம் பேசிப் பார்ப்போம். கைதட்டல் சற்றுக் குறையக்கூடும்.