கொடுத்ததே எஞ்சியது

ஒருவர் தம் அறிவாலும் உழைப்பாலும் உண்டாக்கிய பொருள் அவருக்கே உரியது. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பொருள், நோய் தீர்க்கும் வழியைத் தேடும் பலருக்கும் இன்றியமையாததாக இருந்தால், அப்போதும் அந்த உரிமை முழுமையானதுதானா? மருத்துவ ஆராய்ச்சி உலகில் இக்கேள்வியை எழுப்பியது ஒரு சுண்டெலி.

சுண்டெலியின் மரபணுக்களுக்கும் மனிதனின் மரபணுக்களுக்கும் பெரும் ஒற்றுமை உண்டு. ஆகவே, அதன் உடலில் ஒரு மரபணுவைப் புதிதாகச் சேர்த்தோ, இருப்பதைச் செயலிழக்கச் செய்தோ, மனிதருக்கு வரும் நோய்களின் போக்கை அறிஞர்கள் ஆராய்கின்றனர். குறிப்பிட்ட மரபணுவை மாற்றும் வழியைக் கண்டறிந்ததற்காக கபேக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் ஆகிய மூவருக்கு 2007-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வாறு ஓர் எலி வமிசத்தை உருவாக்கி நிலைநிறுத்துவது எளிதன்று. மாதங்களும், சில வேளைகளில் ஆண்டுகளும் செல்லும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிலிப் லெடர், திமோத்தி ஸ்டூவர்ட் ஆகிய இருவர், புற்றுநோய்க்கு எளிதில் ஆளாகும் சுண்டெலியை உருவாக்கினர். 1988-இல் அமெரிக்க அரசு அதற்குக் காப்புரிமை வழங்கியது. விலங்கு ஒன்றுக்கு அந்நாடு வழங்கிய முதல் காப்புரிமை அதுவே. உரிமையைப் பெற்ற டூபாண்ட் நிறுவனம் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. எலியைப் பெற்றவர் மற்றோர் ஆய்வாளருடன் தம் விருப்பப்படி பகிரலாகாது. அதைக்கொண்டு பின்னர் கண்டுபிடிக்கப்படும் பொருளிலும் நிறுவனத்துக்குப் பங்கு வேண்டும். ஆய்வாளர்களிடையே எதிர்ப்பு மூண்டது. 2000-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுடன் உடன்பாடு ஏற்பட்டு, வணிக நோக்கமற்ற ஆய்வுக்கு வழி திறந்தது. கனடாவின் உச்ச நீதிமன்றமோ 2002-இல் அந்த எலிக்குக் காப்புரிமை தர மறுத்தது.

மறுப்பவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இளம் ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய எலியை, வசதி மிக்க பெரிய ஆய்வுக்கூடம் வாங்கிக்கொண்டு, அவருக்கு முன்பே முடிவை வெளியிட்டுவிட்டால் அவர் உழைப்பு என்னாவது? அவருக்கு உரிய பெயரும் ஓரளவு அவகாசமும் கிடைத்தாக வேண்டும். ஆனால் ஆய்வின் முடிவை உலகுக்கு அறிவித்துப் புகழைப் பெற்ற பின்னும் எலியைப் பூட்டி வைப்பது முறையாகாது. பிறர் சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒரு முடிவை எப்படி நம்புவது? மேலும், பல ஆய்வுகளுக்குச் செலவாவது பொதுமக்களின் வரிப்பணம். அங்கே ஆய்வாளர் கையில் இருப்பது தனிச்சொத்து அன்று, அமானிதம்.

பூட்டி வைப்பவருக்கும் அதனால் பாதுகாப்பில்லை என்பதற்கு வரலாறே சான்று. 1929-இல் கிளாரன்ஸ் குக் லிட்டில் நிறுவிய ஜாக்சன் ஆய்வுக்கூடம் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருக்கிறது. மரபணுவை மாற்றும் கலை தோன்றுவதற்கு முன்பே, தூய எலி வமிசங்களை வளர்த்துப் பிற ஆய்வாளர்களுக்கு அனுப்பி வந்த இடம் அது. 1947 அக்டோபரில் மூண்ட காட்டுத்தீ ஆய்வுக்கூடத்தைச் சாம்பலாக்கியது; பல்லாயிரம் எலிகள் மடிந்தன. அழிந்த வமிசங்களை மீட்டுத் தந்தவை அரணான சுவர்கள் அல்ல. முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள் அவற்றின் சந்ததிகளைத் திருப்பி அனுப்பினர். கூடு மீண்டும் நிறைந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயலின் வெள்ளம் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகளைக் கொன்றபோதும், பிற இடத்து ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த வமிசங்களைத் தந்துதவ முன்வந்தனர்.

இன்று வேறொரு வழியும் உண்டு. எலியின் கருவை உறைநிலைக்குக் கீழே 196 பாகையில் வைத்து, பின்னர் உயிருள்ள குட்டியாகப் பிறக்கச் செய்யலாம் என்று விட்டிங்ஹாம், லைபோ, மேசர் ஆகியோர் 1972-இல் காட்டினர். இப்போது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள பொதுக் காப்பகங்கள் கருவையும் விந்தையும் உறைய வைத்து, வேண்டுவோருக்கு வழங்குகின்றன. ஆய்வாளர் ஓய்வு பெற்றாலும், மறைந்தாலும், அவர் உருவாக்கிய வமிசம் அவரோடு அழிய வேண்டியதில்லை.

இந்த வழக்கில் வாயில்லா ஒரு தரப்பும் உண்டு. அது அந்த எலிதான். ஒருவர் தர மறுத்தால், அதே வமிசத்தை மற்றொருவர் மீண்டும் உருவாக்க வேண்டும். அதற்காக எத்தனையோ எலிகள் பிறந்து வீணே மடியும். தேவையில்லாதபோதும் கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பதற்குப் பதில் கருவை உறைய வைத்தால், அத்தனை உயிர்கள் மிஞ்சும். நம் நலனுக்காக ஓர் உயிரை நோய்க்கு ஆளாக்க நேர்கிறதென்றால், அத்துன்பம் ஒருமுறைக்கு மேல் வீணாகாமல் பார்ப்பது நாம் அதற்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன்.

உழைத்தவரின் உரிமையை மதிப்போம். ஆனால் அந்த உரிமை, நோயாளியின் நம்பிக்கைக்கும் உயிரின் துன்பத்துக்கும் மேலானதன்று. 1947-இன் நெருப்பில் இருந்தவை எல்லாம் எரிந்தன; கொடுத்தவை மட்டுமே எஞ்சின.