படைத்தவனும் பூட்டியவனும்

பொழுதுபோக்காக வீட்டில் கட்டப்படும் பெரிய சக்கர ரோபோ, கட்டியவரின் கை விலகியபின் தானே வழி தேர்ந்து ஓடுகையில், அந்த ஓட்டத்துக்கு உரியவர் யார் என்னும் கேள்வி இறையியலுக்குப் புதியதன்று. தியார்பகிரில் அர்துக்கிய மன்னர்களிடம் பணியாற்றிய பொறியாளர் அல்-ஜஸரீ, 1206இல் முடித்த நூலில், நீரால் இயங்கும் மனித உருவப் பொறிகளைப் பிறரும் செய்துபார்க்கத்தக்க அளவுகளோடு விளக்கினார். அதற்கு முன்னரே, 1111இல் மறைந்த இஸ்லாமிய இறையியலாளர் இமாம் கஸ்ஸாலி, நெருப்பும் பஞ்சின் எரிதலும் சேர்ந்து நிகழும் வழமையையே மனிதர் காண்கின்றனர் என்றும், எரிதலை உண்டாக்குவோன் இறைவனே என்றும் வாதிட்டிருந்தார்.

சாகாமம் என்னும் ஊரின் வயல்வெளியில், தொடக்கத்தில் சொன்ன சக்கர ரோபோ வண்டியொன்றை ஓட்டினால் கஸ்ஸாலியின் வாதம் கண்முன் விரியும். திசைதிருப்பும் அச்சு இல்லாத நான்கு சக்கர வண்டி, ஒரு பக்க மோட்டார்களை மெதுவாக்கி மறுபக்கத்தவற்றை விரைவாக்கித் திரும்புகிறது. கட்டளை ஒன்றேயாயினும், கொங்கிறீற்று வீதியில் சீராகத் திரும்பும் அதே வண்டி ஈரச் சேற்றில் புதைந்து நிற்க, பற்றரியிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். கட்டியவர் பூட்டியது உறுப்புகளை. மண்ணின் பிடிமானமும் மோட்டாரினுள் இயங்கும் காந்தத்தின் விசையும் அவர் ஆக்கியவையல்ல.

நம்பிக்கையைத் தர்க்கத்தால் ஆராயும் கல்வியான கலாமில், அஷ்அரி மரபினர் இங்கு 'கஸ்பு' என்னும் கருத்தை முன்வைப்பர்: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதை நாடித் தனதாக்கிக்கொள்பவன் மனிதன், ஆகவே பொறுப்பும் மனிதனுடையதே. இயந்திரத்துக்கோ நாட்டமே இல்லை. வரப்பில் நிற்கும் சிறுவனைச் சென்சார் உணரத் தவறி வண்டி மோதுமாயின், விடையளிக்க வேண்டியவர் அதை ஓடவிட்டவரே. ஆதலால், மின்னிணைப்பை ஒரே அழுத்தில் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை, எவர் கைக்கும் எட்டும் உயரத்தில், முதல் ஓட்டத்துக்கு முன்பே பொருத்துவது தொழில்நுட்ப ஒழுங்கு மட்டுமன்று, மார்க்கக் கடமையுமாகும்.