சுரப்பிகளும் மனிதப் பொறுப்பும்

மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்பது அறவியலின் அடிப்படையான எடுகோள்களுள் ஒன்றாகும். புகழ்தலும் இகழ்தலும், தண்டித்தலும் மன்னித்தலும் இவ்வெடுகோளின் மீதே நிற்கின்றன. ஆயின், கோபமும் சோம்பலும், துணிவும் சோர்வும் குருதியிற் கலந்துள்ள மிகச் சிறிய அளவினவான சில இரசாயனப் பொருள்களால் மாற்றமடையக் கூடும் என உடற்றொழிலியல் கூறும்போது, அவ்வெடுகோள் எவ்வளவு தூரம் நிலைபெறும் என்னும் வினா எழுகின்றது. சோம்பேறி என ஒருவனை இகழும்போது இகழப்படுவது அவனா, அல்லது அவனுடைய சுரப்பியா?

உடலிலுள்ள நீர்மப் பொருள்களே குணத்தை நிர்ணயிக்கின்றன என்னும் கருத்துப் புதியதன்று. கிரேக்க வைத்தியம் நால்வகை நீர்களைக் கூறியது. ஆயுர்வேதமும் சித்த வைத்தியமும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றினைக் கூறின. மூளையின் அடியிற் பயறளவினதாய் அமைந்துள்ள சுரப்பி மூக்கிற்குச் சளியை அனுப்புகின்றது எனப் பண்டைய ஐரோப்பிய வைத்தியர் எண்ணினர். கபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். தமிழில் அது கபச்சுரப்பி என வழங்குவது அப்பழங் கருத்தின் எச்சமேயாகும்.

நவீன விஞ்ஞானம் இக்கருத்தைத் திருத்தியமைத்தது. சிறுகுடலின் சுவரிலிருந்து குருதி வழியாகச் சென்று சதையியைச் சுரக்கச் செய்யும் ஒரு பொருளை 1902 இல் பெய்லிஸ், ஸ்ராலிங் என்னும் இருவரும் இலண்டனிற் கண்டறிந்தனர். இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை 1905 இல் ஸ்ராலிங் வழங்கினார். தூண்டுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அப்பெயர் பிறந்தது. தூண்டுதல் என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கட்டாயம் என்னும் பக்கத்திற்குத் தைரொயிட் சுரப்பியின் வரலாறு வலுவான சான்றாகும். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் பணிபுரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் தியோடோர் கொக்கர், கண்டக்கழலை எனப்படும் கழுத்து வீக்கமுடையோரிற் பலருக்குத் தைரொயிட் சுரப்பியை முழுமையாக அகற்றினார். காயங்கள் நன்கு ஆறின. ஆனால், அவ்வாறு அகற்றப்பட்டோருள் மீண்டும் அழைத்துச் சோதிக்கப்பட்ட பதினெண்மரில் இருவரே நலமாயிருந்தனர். ஏனையோரிடம் உடற்சோர்வும், சிந்தனையிலும் பேச்சிலும் மந்தமும் காணப்பட்டன. சிறுவயதினரின் வளர்ச்சியும் தடைப்பட்டிருந்தது. கொக்கர் இவ்வுண்மையை மறைக்கவில்லை. 1883 இல் அதனைச் சக வைத்தியர்முன் எடுத்துரைத்து, புற்றுநோயல்லாத கழலைகளுக்கு முழுச் சுரப்பியையும் அகற்றும் முறையைக் கைவிட்டார். 1909 இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இதன் மறுபக்கம் 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் வெளிப்பட்டது. தைரொயிட் குறைபாட்டால் உடல் வீங்கி, மனம் மந்தமுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு, ஆட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஜோர்ஜ் மரே என்னும் வைத்தியர் ஊசிமூலம் செலுத்தினார். அப்பெண் ஊக்கமும் தெளிவும் பெற்று, 1919 வரை வாழ்ந்தார். சுறுசுறுப்பின்மையை ஒழுக்கக் குறைபாடாகக் கருதி அவருக்கு எவ்வளவு அறிவுரை கூறியிருப்பினும் பயன் விளைந்திராது. அறிவுரை ஆற்றாததை ஆட்டின் சுரப்பி ஆற்றியது.

இச்சான்றுகளைக் கொண்டு, மனிதன் சுரப்பிகளின் கைப்பாவையே என முடிவுகட்டுவார் உளர். அம்முடிவு அவசரமானது. ஸ்பானிய வைத்தியரான மராஞோன் 1924 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு மனங்கொள்ளத்தக்கது. அச்சத்தின்போது பெருகும் அதிரீனலினை அவர் பலருக்கு ஊசிமூலம் ஏற்றினார். அவர்களின் நெஞ்சு படபடத்தது, கைகள் நடுங்கின. எனினும் பெரும்பாலோர் உண்மையான அச்சத்தை அடைந்திலர். சிலர் தாம் அஞ்சுவது போல இருக்கிறது என்றனரேயன்றி, அஞ்சுகிறோம் என்றிலர். அஞ்சுவதற்கு ஒரு பொருளும், அப்பொருளைப் பற்றிய ஒரு மதிப்பீடும் வேண்டும். அவற்றை ஓமோன் வழங்குவதில்லை. உடலை ஆயத்தஞ் செய்வது சுரப்பி. எதற்காக என்பதைத் தெளிவது மனிதன்.

காரணத்தையும் நியாயத்தையும் வேறுபடுத்தாவிடின் பிறிதொரு தீங்கும் விளையும். ஒரு பெண் அநீதியைக் கண்டு சினந்து பேசும்போது, அது மாதவிலக்கின் கோளாறு எனக் கூறி அவள் சொற்களைப் புறக்கணிப்போர் உள்ளனர். அச்சினத்துக்கு உடலிற் காரணம் இருப்பினும் இல்லாவிடினும், அவள் சுட்டிய அநீதி உண்மையா என்னும் வினா அப்படியே நிற்கின்றது. சுரப்பியைக் காட்டி ஒருவரை மன்னிப்பது கருணையாகலாம். சுரப்பியைக் காட்டி ஒருவரின் நியாயத்தை மறுப்பது அவமதிப்பேயாகும்.

அங்ஙனமாயின் எல்லை எங்குளது? அரிஸ்ரோட்டில் இதற்கு ஒரு வழி காட்டினார். கட்டாயத்தாலும் அறியாமையாலும் செய்யப்படுவன மனமுவந்து செய்யப்பட்டவையல்ல என்றார் அவர். ஆயினும் குடிபோதையிற் குற்றம் புரிந்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். போதையிலே தன்னை அறியாதிருந்தானாயினும், குடிக்காதிருத்தல் அவன் ஆற்றலுக்கு உட்பட்டதன்றோ?

இத்தர்க்கம் 1973 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஓமோன் ஒன்றை முன்னிட்டு மீண்டும் எழுந்தது. நீரிழிவு நோயாளியான ஓர் ஆண் தாதி, இன்சுலின் ஏற்றியபின் மது அருந்தி, உணவு குறைத்து உண்டு, தன் பராமரிப்பிலிருந்த நோயாளி ஒருவரைத் தாக்கினார் என்பது வழக்கு. குருதியிற் சீனியின் அளவு குறைந்தமையால் தன்னினைவின்றிச் செயற்பட்டதாக அவர் வாதிட்டார். இன்சுலின் வெளியிலிருந்து செலுத்தப்பட்டதாகையால் அந்நிலை மனநோய் ஆகாது எனக் கூறிய நீதிமன்றம், தன்னினைவின்மை பற்றிய வாதம் யூரிமார் முன் வைக்கப்படாமையால் தண்டனைத் தீர்ப்பை நீக்கியது. ஆனால், இன்சுலின் ஏற்றுபவர் ஒழுங்காக உண்ணாது விடுதல் போன்ற, முன்கூட்டியே உணரக்கூடிய தவறால் நேரும் தன்னினைவின்மை ஒருவரைக் காக்காது எனவும் அது கூறியது. பொறுப்பு செயல் நிகழும் கணத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. அக்கணத்திற்கு முன்னர், அறிவும் தெரிவும் இருந்த நேரத்திலும் அது தங்கியுள்ளது.

இக்கருத்தைத் தனிமனிதனோடு நிறுத்திவிடுதல் பொருந்தாது. தைரொயிட் ஓமோனின் ஆக்கத்திற்கு அயடீன் இன்றியமையாதது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 150 மைக்கிரோகிராம் மட்டுமே. கருவுற்ற தாய்க்கு அது கடுமையாகக் குறையின், பிறக்கும் குழந்தையின் மூளை மீளாதவாறு பாதிப்புறும். தைரொயிட் சுரப்பியின்றியே பிறக்கும் குழந்தைகளும் உள்ளனர். பிறந்த சில நாள்களுள் குதியிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியால் அக்குறையை அறிந்து சிகிச்சை தொடங்கினால், அக்குழந்தை ஏனையோரைப் போல வளரும். சுவிற்சர்லாந்து 1922 இல் அயடீன் கலந்த உப்பைப் பரவச் செய்யத் தொடங்கியது. தென்மேற்கு ஈரவலயத்திலே கண்டக்கழலை நெடுங்காலம் பரவியிருந்த இலங்கையில் 1995 இல் அத்தகைய உப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அயடீனின்றி மந்தமாக வளர்ந்த குழந்தையைப் பள்ளியில் மூடன் என ஏசும்போது, அம்மூடத்தனத்துக்குப் பொறுப்பாளி அக்குழந்தையன்று. உப்பில் ஒரு சிட்டிகை சேர்க்க அறிந்திருந்தும் சேர்க்காதிருந்த சமூகமே பொறுப்பாளி.

ஆதலின், சுரப்பிகளைப் பற்றிய அறிவு மனிதப் பொறுப்பை அழித்துவிட்டது என்பது தவறு. அது பொறுப்பை இடமாற்றியுள்ளது என்பதே பொருத்தமாகும். இயலாதவனை இகழும் உரிமையை அது பறித்துக்கொண்டது. அறிந்தவனின் கடமையை அது பெருக்கியது. தன் கையாற் செய்த தீங்கைக் கண்டு, அதனைப் பலரறியக் கூறி, தன் முறையை மாற்றிக்கொண்ட கொக்கரின் செயலுக்கு எந்தச் சுரப்பி காரணம் என எவரும் வினவுவதில்லை. அறிந்தபின் மாறுதல் என்னும் அவ்வாற்றலிலேயே மனிதப் பொறுப்பு நிலைகொண்டுள்ளது.