தட்டை நக்கலாமா?

கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்த், பாங்காக்கில் 2010 முதல் 2019 வரை நடத்திய ‘ககன்’ உணவகத்தில் ஒரு வேடிக்கை. மெனு கார்டில் எழுத்தே கிடையாது, வெறும் இமோஜி பொம்மைகள். சுமார் 25 ஐட்டங்கள். அதில் ஒன்றுக்கு ஸ்பூனும் கிடையாது. தட்டையே நாக்கால் நக்க வேண்டும்! கோட்டு சூட்டு ஆசாமிகளும் சந்தோஷமாக நக்கினார்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில், 2015-லிருந்து 2018 வரை தொடர்ந்து முதலிடம்.

நம் வீட்டில் குழந்தை பாயசக் கிண்ணத்தை நக்கினால் நறுக்கென்று ஒரு குட்டு. அங்கே அதுவே ஆயிரக்கணக்கில் பில் கட்டி வாங்கும் அனுபவம். பி.காம். படித்த புத்தி கணக்குப் போடுகிறது: அந்த பில்லில் ருசிக்குப் பாதி என்றால், ‘யாரும் சிரிக்க மாட்டாங்க’ என்கிற தைரியத்துக்கு மீதி.

அப்படியானால், நக்குவதில் தப்பில்லை. பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது. சரி, பசியில் தட்டை வழித்து நக்குகிறவரைப் பார்த்து மட்டும் ஏன் சார் முகம் சுளிக்கிறோம்?