குப்பைக்குழியும் கொல்லாமையும்



தக்காளி விலை சரியும் நாட்களில் ராயக்கோட்டைச் சந்தைப் பக்கம் சென்றோர், பறிகூலிக்கும் கட்டாத பழங்களைச் சாலையோரம் கொட்டிச் செல்வதைக் கண்டிருப்பர். அவற்றை உரமாக்க ஊராருக்குக் கற்பிக்கலாமே என்றால் நம்மவரில் சிலர் தயங்குகின்றனர். குழியில் மக்கவைப்பது உயிர்க்கொலைக்கு இடமாகும், அணுவிரதத்திற்கு ஆகாது என்பது அவர்தம் ஐயம். நியாயமான ஐயமே, எள்ளி ஒதுக்குதல் தகாது.

எனினும், கொட்டிய இடத்தில் நிகழ்வது யாது? ஓர் ஈ ஒரே முறையில் நூறு முட்டை வரை இடும். ஏறக்குறைய ஒரு நாளில் புழுக்கள் வெளிவரும். அவை வண்டிச் சக்கரத்திலும் வெயிலிலும் மடியும். நாம் கை வைக்கவில்லை என்பதால் அப்பாவம் நம்மை விட்டுவிடுமா? பயனின்றி விளைவிக்கும் இத்தகைய தீங்கையே அநர்த்ததண்டம் என்று ஆகமம் விலக்குகிறது. முனிவர்க்குரிய உத்சர்க்க சமிதியோ, உடற்கழிவையும் சிற்றுயிர் இல்லாத இடம் பார்த்தே விடச் சொல்கிறது. இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. ஆயினும் எறிவதிலும் அறம் உண்டு.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டின் முறையில், குவியலை அவ்வப்போது கிளறிப் புரட்டுவர். ஓசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வகுத்த முறையோ, குழியை அடுக்கடுக்காக நிரப்பி மண்ணால் மூடி, ஆறு முதல் எட்டுத் திங்கள் கிளறாமல் விடுவது. அதில் மலக்கழிவும் சேர்ப்பர். நமக்குச் சாணக் கரைசலே போதும். விரதியர்க்கு இம்முறையே ஏற்றது என்பது நம் கருத்து. அன்றாடம் மண் மூடினால் ஈக்கு இடமில்லை; இடையில் மண்வெட்டியும் படுவதில்லை. நுண்ணுயிர்கள் தோன்றி மாய்வது உண்மை. அதை மறைக்க வேண்டா. அது உழவிலும் சமையலிலும் நேரும் ஆரம்ப இம்சை போன்றதே. சங்கல்பித்துச் செய்யும் கொலையன்று. மண்புழுவை விலைக்கு வாங்கி அடைத்து வளர்ப்பது வேறு. பிறர் எத்துணைப் புகழ்ந்தாலும், ஈரறிவுயிரைச் சரக்காக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. தானே வந்து சேர்ந்தால் இருக்கட்டும்.

கற்பிப்போர் பேச்சோடு நில்லாது ஒரு குழியை நிரப்பிக் காட்டுக. தக்காளியை மட்டும் கொட்டினால் நீர் தேங்கி நாறும். இடையிடையே உலர்ந்த சருகும் வைக்கோலும் தாராளமாகப் பரப்ப வேண்டும். பழத்தை அன்றன்றே கொணர்க. மூன்று நாள் கிடந்து புழுத்தபின் மூடுவது, அறிந்தே உயிர்களைப் புதைப்பதாகும். குழிகளையும் கோடையிலேயே தோண்டிவிடுக. மழைக்காலத்தில் மண்ணில் சிற்றுயிர்கள் மிகும்.